ரைசன் 5 5600ஜி: தங்கைக்காகச் சேர்த்த முதல் கொம்பியூட்டர், எட்டு மாதத்துக்குப் பிறகு

தங்கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். வீட்டிலிருந்த பழைய லப்ரொப்பில், போன் அப் எழுதுகிற அன்ட்ரொயிட் ஸ்ரூடியோவைத் திறந்துவிட்டு, போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் வேலை தொடங்கலாம் என்ற நிலை. அதனால் பங்குனி மாதம் சாமான் சாமானாகத் தெரிவு செய்து ஒரு கொம்பியூட்டர் சேர்த்தோம். அதற்கு முன் நான் ஒரு கேசிங்கைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி சிப் (புரொசஸர்), அதைப் பூட்டுகிற பி550 மதர்போர்ட், 8 ஜிபி றாம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கிற வேகமான வகை டிரைவ்), 550 வாட் பவர் சப்ளை. எட்டு மாதம் ஓடிவிட்டது, ஒரு நாளும் இடையில் நின்றதில்லை, முதல்முறை சேர்க்கிறவர்களுக்கு இதே பட்டியலைத்தான் சொல்வேன். ஆனால் இதற்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று எழுதினால்தான் பிரயோசனம்.

யாழ் நகரில் முதலில் ஏறிய கடையில் தந்த கொட்டேசனில் நாலே வரி: ரைசன் 5, 16 ஜிபி றாம், 500 ஜிபி எம்.2, கேசிங் பவர் சப்ளையோடு. விலை கட்டுப்படியாக இருந்தது, அன்றைக்கே முற்பணம் கட்டத்தான் நினைத்தேன், தங்கைதான் மறித்தாள். வீட்டில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது, அந்த நாலு வரிக்குள் எந்தச் சாமானையும் மாற்றி வைத்துவிடலாம்.

5600, 5600எக்ஸ், 5600ஜி மூன்றுமே ரைசன் 5 தான். மூன்றிலும் 6 கோர் (கணக்குப் போடுகிற பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை). ஆனால் கடைசியில் ஜி என்று இருப்பதில் மட்டுமே படம் காட்டும் கிராபிக்ஸும் சிப்புக்குள்ளேயே சேர்ந்து வருகிறது, மற்ற இரண்டையும் தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் வாங்கினால் மொனிற்றர் கறுப்பாகவே கிடக்கும். இன்ரெலில் தலைகீழ்: ஐ3 12100 என்றால் படம் வரும், 12100எஃப் என்றால் வராது.

16 ஜிபி என்ற வரியைக் கேட்டபோது ஒரே றாமாக 16 தருவதாகச் சொன்னார்கள். 5600ஜிக்கு அது நட்டம். தனிக் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்த மெமரி இருக்கும், இதற்கு இல்லை, படம் காட்டவும் அதே றாமைத்தான் பங்குபோட வேண்டும். 3200 வேக டிடிஆர்4 றாம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபி வரைதான் போய்வரும், இரண்டு போட்டால் இரு வழியாகி 51.2 ஆகும். அதையும் பக்கத்தில் பக்கத்தில் செருகக்கூடாது. நாலு இடம் உள்ள போர்ட் என்றால் பெரும்பாலும் சிப்பிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும், மதர்போர்ட்டோடு வரும் சின்னப் புத்தகத்தில் படம் இருக்கிறது, அதைப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று. எங்கள் றாம் முதல் இரண்டு கிழமையும் 2666 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கிற பயோஸ் செற்றிங்குக்குள் போய், றாமை அதன் முழு வேகத்தில் ஓடவிடுகிற எக்ஸ்எம்பி என்பதைப் போட்டுவிட்ட பிறகுதான் வாங்கிய வேகம் முழுதாக வந்தது.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். அதே வடிவத்தில் சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டியும் வரும், அது வினாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும், நாங்கள் எடுத்தது 3500 வரை வாசிக்கும். என்விஎம்இ என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

இனிப் பவர் சப்ளை. "தம்பி, கேசிங்கோடயே 500 வாட் வருது, பிறகேன் வேற?" என்று கடைக்கார அண்ணை கேட்டார். ஸ்டிக்கரில் 500 என்று யாரும் அடிக்கலாம். இந்தச் சிப்புக்குக் கணக்கே 65 வாட், முழுக் கொம்பியூட்டரும் 500க்குக் கிட்டவும் போகாது. அதனால் வாட் போதாது என்பதல்ல என் பயம், அதன் தரம்தான். மாரி மழை இடி மின்னலோடு எங்கள் ஒழுங்கையில் கரண்ட் போய்ப் போய் வரும், 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட இடத்தில் மலிவான பவர் சப்ளை எரிந்தால் மதர்போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். 80 பிளஸ் பிரான்ஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று, அதோடு நிற்காமல் ஓவர் வோல்ட்டேஜ், ஷோர்ட் சேர்க்கிட் பாதுகாப்பு இருக்கிறதா, வாரண்டி எத்தனை வருடம் என்றும் பார்த்துத் தனியாக எடுத்தோம். மொத்தச் செலவில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட்டுகிற 650விஏ யு.பி.எஸ். ஒன்றும் வைத்தோம், சேவ் பண்ணி நிறுத்த அந்தச் சில நிமிடம் போதும்.

இதையும் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிய அன்று கேசிங்கைத் தொட்ட தங்கைக்கு விரலில் சுள்ளென்றது. சாமான் பிழையோ என்று பதறிப்போனோம். வயரிங் செய்கிற அண்ணை வந்து பார்த்துவிட்டு, பழைய பிளக் பொயின்ற்றுக்கு எர்த்தே இல்லை என்றார். எர்த் வயர் இழுத்து 13 அம்பியர் பிளக் போட்டதோடு அது நின்றுவிட்டது. பழைய வீட்டில் இருக்கிறவர்கள் கொம்பியூட்டர் வாங்க முதல் இந்த வேலையை முடியுங்கள்.

கடைசியில் சாமான் எடுத்தது நகரிலேயே இரண்டாவது கடையில். கொழும்பில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போனால் தெரிவு அதிகம்தான், ஆனால் ஒரு றாம் பழுதென்றால் வாரண்டிக்காக 400 கிலோமீற்றர் அனுப்பிவிட்டுக் காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. இந்தக் கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் மொடல் இலக்கத்தோடு கொட்டேசன் எழுதினார்கள், பில்லில் சீரியல் இலக்கமும் போட்டார்கள். சேர்க்கும்போது தங்கையை மேசையில் இருத்தி, சிப்பின் மூலையிலுள்ள சின்ன முக்கோணத்தைக் காட்டி, அவள் கையாலேயே வைக்கச் செய்தார்கள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பவர் சப்ளைக்கு மட்டும் நாலு நாள் காக்க வைத்தார்கள், அது ஒரு குறை.

கேசிங்கில் முன்பக்க வலைக்குத் தூசி வடி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் செம்மண், சோளகம் (தென்மேல் காற்று) வீசுகிற மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுகிறோம், தண்ணீர் சிவப்பாகத்தான் போகிறது.

விளையாட்டுக்கென்று கேட்டால் 5600ஜியைச் சொல்ல மாட்டேன். 5600இல் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கிற வேக மெமரி) 32 எம்பி, இதில் 16 தான், பி550 போர்ட்டில் போட்டாலும் கிராபிக்ஸ் கார்ட் பூட்டுகிற பிசிஐஇ இணைப்பு 3.0க்கு மேல் ஏறாது. சீக்கிரம் கிராபிக்ஸ் கார்ட் வாங்கும் எண்ணம் இருந்தால் 5600ஐயே எடுங்கள். தங்கைக்கு அது தேவைப்படவில்லை. கொம்பியூட்டருக்குள்ளேயே போனை ஓட்டிக் காட்டுகிற எமுலேற்றரும் பிரவுசரில் இருபது பக்கமும் ஒன்றாகத் திறந்து வைத்துத்தான் இரவிரவாகப் புரொஜெக்ட் செய்கிறாள், பக்கத்து அறையில் படுத்திருக்கிற எனக்கு விசிறிச் சத்தம்கூடக் கேட்பதில்லை.