ஹேவ்லாக்கில் எங்கே தங்குவது: விஜய்நகரா, ராதாநகரா?

"அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு, ஹேவ்லாக்ல எந்தப் பக்கம் ரூம் போடறது?" என்று மாதத்துக்கு ஒரு போனாவது எனக்கு வந்துவிடுகிறது. இரண்டு முறை போய், இரண்டு பக்கமும் குடும்பத்தோடு தங்கியவள் என்பதால் கேட்கிறார்கள். போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

2018 கடைசியில் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என்று மாறிவிட்டது. 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. படகு டிக்கெட்டில் புதுப் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தீவுக்குள் பேச்சில் எல்லாருக்கும் இன்றும் ஹேவ்லாக்தான். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்கள் இவை. கோவிந்தநகர், விஜய்நகர், கிருஷ்ணாநகர், ராதாநகர் என்று பெயர்கள் வரும். கடற்கரைகளுக்கு நம்பரும் உண்டு. மூன்றாம் நம்பர் கோவிந்தநகர், ஐந்தாம் நம்பர் விஜய்நகர், ஏழாம் நம்பர் ராதாநகர். ஆட்டோக்காரரிடம் நம்பரைச் சொன்னால் போதும்.

படகுத்துறையும் கோவிந்தநகர் பஜாரும் பக்கம் பக்கம். காலை முதல் படகைப் பிடிக்க வேண்டியவர்களும், ஒரே ஒரு இரவு தங்குபவர்களும் அங்கேயே ரூம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான போட்டி கிழக்குக் கரையின் விஜய்நகருக்கும் மேற்குக் கரையின் ராதாநகருக்கும்தான்.

விஜய்நகர்ப் பக்கம் வசதி அதிகம். எல்லா விலையிலும் ரூம் கிடைக்கும். சாப்பாட்டுக் கடைகளும், டைவிங் கற்றுத்தருகிற கடைகளும், வாடகை ஸ்கூட்டியும் எல்லாம் அந்த ஒரே சாலையில். விடிகிற சூரியனை வாசலிலிருந்தே பார்க்கலாம். அங்கே 5, 5.30 மணிக்கெல்லாம் விடிந்துவிடும். ராதாநகரில் தங்க இடம் குறைவு. இருப்பதில் பாதி, பெரிய ரிசார்ட்டுகள். ஆனால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீள வெண்மணலும், பின்னால் நெட்டையான காடும், எதிரே சூரிய அஸ்தமனமும் அங்கேதான். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய பிறகு உலகத்துக்கே தெரிந்த இடம். இதெல்லாம் எந்த டிராவல் ஏஜென்ட்டும் சொல்வது.

அவர்கள் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் கடலின் ஏற்றமும் வற்றமும். இந்த முடிவே அதில்தான் இருக்கிறது.

முதல் முறை போனது ஜனவரியில், பௌர்ணமியை ஒட்டி. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. விஜய்நகரில் கடலைப் பார்த்த அறை என்று சொல்லி, அதற்காகக் கூடுதல் பணமும் கட்டியிருந்தோம். பிற்பகல் 3 மணிக்கு அறைக்குப் போனதும் பிள்ளைகள் பையைக்கூடப் போடாமல் கரைக்கு ஓடினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து, "அம்மா, இங்க கடலே இல்ல" என்றாள் சின்னவள். போய்ப் பார்த்தால் நிஜமாகவே இல்லை. சாம்பல் நிறத்தில் பாறையும் செத்த பவளமும் சேறும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. நடுவில் ஒரு படகு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

அங்கே வேலை பார்த்த ராமநாதபுரத்துப் பையன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப கடல் போயிருக்குக்கா. ராத்திரி வந்துரும்" என்றான். வரத்தான் வந்தது. இரவு 10 மணிக்கு ஜன்னலுக்கு வெளியே மரத்தின் அடியில் அலை சத்தம் கேட்டது. பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை கடல் நிறைந்திருந்த நேரத்தில் நாங்கள் எலிஃபன்ட் பீச்சுக்குப் போகும் படகில் இருந்தோம். அந்தப் படகுகள் காலையில்தான் போகும். திரும்பி வந்தபோது மறுபடியும் பாறைக்காடு. மூன்றாம் நாள் வற்றம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. தண்ணீர் திரும்பி வருவதற்குள் இருட்டிவிட்டது. மூன்று ராத்திரி, கடலோர அறை, ஒரு தடவைகூட அந்தக் கடலில் பிள்ளைகள் இறங்கவில்லை. திரும்பும் படகில் பெரியவன் யாரோடும் பேசவில்லை. எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

ஊருக்கு வந்தபிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் சென்னைக் கரையிலும் இது நடக்கிறது, ஆனால் அமாவாசை பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். கரையும் சரிவானது. அதனால் மெரினாவில் வளர்ந்தவர்களுக்குக் கடல் "போய்விடும்" என்பதே தெரியாது. அந்தமானில் அந்த நாட்களில் வித்தியாசம் 2 மீட்டர் அளவுக்கு வரும். விஜய்நகரில் கடலடி தாம்பாளம் மாதிரி தட்டை. தட்டையான இடத்தில் தண்ணீர் 2 மீட்டர் இறங்கினால் அது நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். ராதாநகரில் அடி மணல், ஓரளவு சரிவு. அங்கே வற்றத்தில் மணல் கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதான். குளிக்கக் கடல் எப்போதும் இருக்கும்.

இன்னொன்றும் பிடிபட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்தப் பக்கம் கடல் நிறைவது காலை, இரவு 10 மணிவாக்கில். வற்றுவது பிற்பகலும் விடிகாலையும் 3, 4 மணிக்கு. அஷ்டமியை ஒட்டி இது தலைகீழாகி, பிற்பகலில் நிறையும். அன்றைக்கு ஏற்ற இறக்கமும் சிறியது, வற்றத்திலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அம்மாவிடம் சொன்னபோது, "இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டர், காலண்டர்ல திதி போட்டிருக்கே" என்றாள். உண்மைதான். சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரைப் பார்த்தே பாதி முடிவு எடுத்துவிடலாம். மீதிக்கு, போர்ட் பிளேருக்கான ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. ஹேவ்லாக்குக்கும் அந்த நேரம் ஏறக்குறைய பொருந்தும்.

இரண்டாம் முறை போனது அடுத்த ஆண்டு மார்ச்சில். இந்த முறை ராதாநகர், நான்கு ராத்திரி. ரிசார்ட் நமக்குக் கட்டாது. கிராமத்துக்குள் ஒரு வங்காளிக் குடும்பம் நடத்துகிற சின்ன விடுதி. கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. விஜய்நகரில் கொடுத்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாடகை, அறையும் சின்னது, ஜன்னலில் கடல் கிடையாது, பாக்குமரம்தான். போனில் சிக்னல் வரும், போகும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-லேயே இந்தத் தீவுக்கு வந்துவிட்டது என்றாலும், வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று நினைத்து யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஆனால் அந்த நான்கு நாட்களும் கடல் எங்களுடையதாக இருந்தது. காலை 6 மணிக்குப் போனால் அவ்வளவு பெரிய கரையில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். வண்டிகளில் வருகிற கூட்டம் பிற்பகலில்தான் வரும், அஸ்தமனம் பார்த்ததும் போய்விடும். காலடியில் மணல் மாவு மாதிரி, ஒரு கல் கிடையாது. முழங்கால் வலியுள்ள அம்மா முதல் நாள் கணுக்கால் வரை நின்றாள், மூன்றாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்கு அலை எழும்பிக் குதித்தாள். காலை ஒரு குளியல், சாப்பிட்டுத் தூங்கி, 3 மணிக்கு இன்னொன்று. எந்தத் திதி என்று யாரும் பார்க்கவில்லை.

விஜய்நகரில் தங்கினாலும் ராதாநகருக்குப் போய் வரலாமே என்பார்கள். போகலாம். ஒரு வழிக்கே 10 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோ போக வர, காத்திருப்புச் சேர்த்தால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். அரசு பஸ் உண்டு, நாளுக்குச் சில நடைதான். ஸ்கூட்டி நாளுக்கு 500 ரூபாய் அளவில் கிடைக்கும், ஆனால் அஸ்தமனம் 5.30-க்குள் முடிந்து, அரைமணியில் கும்மிருட்டாகிவிடும். காட்டு வழியில், மேட்டில், நனைந்த பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு வருவது எனக்குச் சரிப்படவில்லை. முதல் முறை ஒரே ஒரு நாள் அப்படிப் போய் வந்தோம். கரையில் இருந்தது ஒன்றரை மணி நேரம். ராதாநகரில் தங்கினால் ஈர உடையோடு நடந்தே அறைக்குப் போய்விடலாம். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ராதாநகரின் குறைகளையும் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாடுதான் பெரிய கஷ்டம். கடற்கரை வாசலில் உள்ள கடைகள் கூட்டம் கலைந்ததும் மூடிவிடும். விடுதியில் மதியமே சொல்லி வைத்தால் சோறு, பருப்பு, மீன் குழம்பு செய்து தருவார்கள். கடுகெண்ணெய் வாசம் பிடிக்காத அம்மாவுக்கு இரண்டு ராத்திரி வாழைப்பழமும் பிஸ்கெட்டும்தான். தோசை வேண்டும் என்றால் பஜாருக்குத்தான் போக வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் மணல் ஈ கடிக்கும். கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்த நாளில் கடி குறைந்தது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்று. உயிர்காக்கும் காவலர்கள் நிற்கிற இடத்துக்கு நேரே மட்டும் இறங்குங்கள். கரையின் கோடியில் அமைதியான குளம் மாதிரி ஒரு திருப்பம் ஆசை காட்டும், போகாதீர்கள். 2010-ல் அந்தப் பக்கப் பவளத்தைப் பார்க்க முக்குளித்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்திருக்கிறார். நாங்கள் போன இரண்டு முறையும் மழையில்லாத மாதங்கள். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்றில் மேற்குக் கரையில் அலை முரட்டுத்தனமாக இருக்கும். அந்த மாதங்களில் நான் தங்கியதில்லை, ஆகவே ராதாநகரைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விஜய்நகரை நான் தள்ளவும் இல்லை. நிறைந்திருக்கும்போது அந்தக் கடலைப் பார்க்க வேண்டும். அலையே இல்லாமல், அடியில் நண்டு நடப்பது தெரிகிற பச்சைத் தண்ணீர். மஹுவா மரங்கள் கரையிலிருந்து தண்ணீர் மேல் படுத்திருக்கும். நீந்தத் தெரியாதவர்களுக்கு ராதாநகர் அலையைவிட அது நல்லது. கால்செருப்பு மட்டும் கழற்றக் கூடாது. டைவிங்குக்காகவே போகிறவர்களுக்கும் அந்தப் பக்கம்தான் சௌகரியம் என்று போனவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நான் டைவிங் செய்ததில்லை.

என் தங்கை வருகிற பிப்ரவரியில் கணவரோடு போகிறாள். இருவருக்கும் டைவிங் கற்றுக்கொள்ள ஆசை, பிள்ளைகள் இல்லை, இரவு வெளியே நடந்து போய்ச் சாப்பிட வேண்டும். காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அவள் தங்குகிற மூன்று நாளும் சப்தமி, அஷ்டமி, நவமி. பிற்பகல் 4 மணிக்கு வாசல் வரை தண்ணீர் இருக்கும். விஜய்நகரிலேயே ரூம் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.