தெர்மலிலிருந்து ஸ்ட்ரெஸ்ஸுக்கு: ஒரே மெஷ்ஷா, தனித்தனி மெஷ்ஷா?

அம்பத்தூரில் எங்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (என்ஜினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) அதைத் தாங்கும் பிராக்கெட்டும்தான். கணினியில் முதலில் தெர்மல் ரன், அதாவது பார்ட் எங்கே எவ்வளவு சூடாகும் என்ற கணக்கு; அப்புறம் அந்த வெப்பநிலையை, உலோகத்தில் எவ்வளவு அழுத்தம் வரும் என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் மாடலில் ஏற்ற வேண்டும். கணக்குக்காகப் பார்ட்டை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்த வலைதான் மெஷ்; துண்டுகள் சேரும் புள்ளிகள் நோடு. இரண்டுக்கும் ஒரே மெஷ் வைக்கலாம். தனித்தனி மெஷ் போட்டு, ஒன்றின் வெப்பநிலையை மற்றதன் நோடுகளுக்கு மாற்றி எழுதும் மேப்பும் செய்யலாம். நாங்கள் ஒரே மெஷ்ஷுக்கு மாறிவிட்டோம்.

பெரிய எலிமென்ட்டுகளுள்ள தனி மெஷ்ஷில் தெர்மல் ரன் சீக்கிரம் முடியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மிச்சமாகும் நேரம் கொஞ்சம். தெர்மலில் ஒரு நோடுக்கு வெப்பநிலை மட்டுமே கணக்கு. ஸ்ட்ரெஸ்ஸில் மூன்று திசை நகர்வு. ஸ்ட்ரெஸ்ஸுக்காகப் போட்ட பொடி மெஷ்ஷில் தெர்மல் சிரமமில்லாமல் ஓடும்.

எங்களை மாறவைத்தது டிசைன் ரிவிஷன். மாடல் மாறும்போதெல்லாம் மேப்பிங்கை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். ஃபிளாஞ்சும் (குழாய் முனையின் போல்ட் தட்டு) பிராக்கெட்டும் ஒட்டும் இடத்தில், பார்ட் வாரியாகப் பிரித்துக் கொடுக்காவிட்டால், பக்கத்தில் இருக்கிறதே என்று பிராக்கெட் நோடு ஃபிளாஞ்சின் சூட்டை எடுத்துக்கொள்ளும். குழாயின் வெளிவளைவில், பொடி மெஷ்ஷின் நோடுகள் பெரிய எலிமென்ட்டின் தட்டை முகத்துக்கு வெளியே விழும். அங்கே மென்பொருள் தோராயமாக ஒரு மதிப்பை வைக்கும். 600 டிகிரி வரை போகும் வண்ணப்படத்தில் 10 டிகிரி பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அறை வெப்பநிலையில் ஸ்டீலின் மீள்மை 200 ஜிகாபாஸ்கல், விரிவு டிகிரிக்கு மில்லியனில் 12 பங்கு. ஒரு திசையில் விரியவிடாமல் இறுக்கிப் பிடித்தால் அந்த 10 டிகிரிக்கே 24 மெகாபாஸ்கல் வந்துவிடும். ஒரே மெஷ்ஷில் நோடு எண் அப்படியே பொருந்துவதால் இந்தத் தொல்லையே இல்லை.

எந்த வழியானாலும் ரெஃபரன்ஸ் வெப்பநிலையை, அதாவது விரிவே இல்லை என்று கணக்கு தொடங்கும் வெப்பநிலையைப் பாருங்கள். ஆன்சிஸ் வொர்க்பெஞ்ச் என்ற மென்பொருள் தானாக 22 டிகிரி வைக்கும். நம் ஊர் ஷெட்டில் பார்ட்டைப் பூட்டும்போது 35 இருக்கும்.

மேப் செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சோதனை: ஒரே உலோகம், மாறாத விரிவு எண் கொடுத்து, பார்ட் நகராமல் இருக்க மட்டும் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் ஏறும் வெப்பநிலையை மேப் செய்யுங்கள். ஸ்ட்ரெஸ் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் மேப்பிங்கில்தான் கோளாறு.

வாயு ஓட்டத்தை சிஎஃப்டியில் (பாய்பொருள் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) போடும்போது மேப்பிங்கைத் தவிர்க்க முடியாது. அப்போதும் பரப்பின் வெப்பக் கடத்தல் மதிப்புகளை மட்டும் மேப் செய்துவிட்டு, உலோகத்தை ஒரே மெஷ்ஷில் வைப்பதையே நான் விரும்புகிறேன். பிரேக் டிஸ்க் போல உராய்வும் சூடும் ஒன்றையொன்று மாற்றும் வேலைக்கு இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். அதில் எனக்குப் பழக்கம் குறைவு. திடீர் சூடேற்றம் என்றால் மட்டும், ஸ்ட்ரெஸ் கேட்காவிட்டாலும், தோலை ஒட்டி மெல்லிய அடுக்குகளாக மெஷ் போட்டுவிடுங்கள்.