படம் காட்டாத ப்ரோப்: 11 வருஷம் பழகிய அனுபவம்

இதயத்தை ஒலி அலையால் ஸ்கேன் பண்ணும் எங்கள் எக்கோ ரூமுக்கு மிஷினோடு சேர்ந்து வந்த பென்சில் ப்ரோப் (நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவி), முதல் ஒன்றரை வருஷம் டிராயரை விட்டு வெளியே வரவே இல்லை. பார்க்க மார்க்கர் பேனா மாதிரி இருக்கும். முனையில் இரண்டு கிரிஸ்டல். ஒன்று ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கும், இன்னொன்று வாங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று மட்டும் சொல்லும். படமே வராத ப்ரோபை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

டிராயரைத் திறக்க வைத்தது ஒரு பாட்டி. மாடிப்படி ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று வந்திருந்தார். இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்கு வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வு முழுக்கக் கால்சியம் படிந்து கல்லாகக் கிடந்தது. வழக்கம்போல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இதயத்தின் நுனிப் பக்கத்திலிருந்து சாதாரண ப்ரோபில் பார்த்தேன். வால்வு சுருங்கச் சுருங்க ரத்தம் வேகமாகப் பீய்ச்சும். பாட்டிக்கு வினாடிக்கு 3.6 மீட்டர். 4-ஐத் தொட்டால்தான் சிவியர் (கடுமையான சுருக்கம்), ஆகவே மாடரேட் (நடுத்தரம்) என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, ரிப்போர்ட்டும் கையுமாகத் திரும்பி வந்தார்.

"வால்வு தொறக்கவே காணோம், நம்பர் மட்டும் மாடரேட்டுங்குதே. வலது பக்கம் பாத்தீங்களாம்மா?"

பார்க்கவில்லை. "பாட்டி, இந்தப் பக்கமா திரும்பிப் படுங்க" என்றால், "மறுபடி மொதல்லேருந்தா கண்ணு?" என்று அலுத்துக்கொண்டார். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பெலும்பை ஒட்டி வலப்புறம் மேலே, இரண்டாவது விலா இடைவெளியில் பென்சில் ப்ரோபை வைத்துக் கால் மணி நேரம் துழாவினேன். 4.5 வந்தது.

வித்தியாசம் 0.9 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிட, வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்க வேண்டும். 3.6-க்கு 52 மில்லிமீட்டர் பாதரசம், 4.5-க்கு 81. அடுத்த வருஷம் வந்து பாருங்கள் என்பதற்கும், வால்வு மாற்றுவதைப் பற்றி வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்பதற்கும் உள்ள தூரம் அது. எல்லாம் கோணம் செய்யும் வேலை. ரத்தம் பீய்ச்சும் திசைக்கு நேராக ப்ரோப் நின்றால்தான் முழு வேகம் பதியும். 30 டிகிரி விலகினால் சுமார் 13 சதவீதம் குறைந்துவிடும். கோணத் தப்பு நம்பரைக் கூட்டிக் காட்டாது, எப்போதும் குறைத்துத்தான் காட்டும். வயதானவர்களுக்கு இதயம் அமர்ந்திருக்கும் சாய்வு மாறிப்போவதால், வலது பக்கத்தில்தான் பல நேரம் அதிக வேகம் கிடைக்கிறது. சாதாரண ப்ரோபின் அகலமான தலை அந்த விலா இடைவெளியில் சரியாக உட்காராது. பென்சில் உட்காரும்.

இந்த வித்தை புதிதில்லை. நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் இதய மருத்துவர் லிவ் ஹாட்லேயும் கூட்டாளிகளும் டாப்ளரை (ஒலி அலையால் ரத்த வேகத்தை அளக்கும் இந்த முறையை) வைத்து அயோர்டிக் ஸ்டெனோசிஸை, அதாவது இந்த வால்வுச் சுருக்கத்தை அளந்து கட்டுரை எழுதியது 1980-இல். அதற்கு முன் இந்த அழுத்தத்தை அறிய ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டாக வேண்டும்.

பழகிய பிறகு எனக்குப் பிடித்துப்போனது அதன் சத்தம். படம் இல்லாததால் காதுதான் வழிகாட்டி. ப்ரோபை நூல் அளவு சாய்க்கச் சாய்க்க, கரகரப்பாக இருந்தது தெளிந்து குக்கர் விசில் மாதிரி கூர்மையாகும். அப்போது கையை அப்படியே நிறுத்தி, "மூச்சை வெளிய விட்டு நிறுத்துங்க" என்றால் திரையில் வேக வரைபடத்தின் விளிம்பு சுத்தமாக விழும். ரூமில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் எனக்கு வேலை ஓடாது. ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு ஸ்கேன் பண்ணும் பிள்ளைகளைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

குறையும் உண்டு. படம் இல்லாததால் எந்த வால்வின் சத்தத்தைப் பிடித்திருக்கிறோம் என்று ஏமாறலாம். நுனிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒருமுறை 5.5 வந்து துள்ளிக் குதித்தேன். கடைசியில் அது மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவே இருப்பது) கசிவு. கசிவு சீக்கிரம் தொடங்கித் தாமதமாக முடியும், அயோர்டிக் கொஞ்சம் பிந்தித் தொடங்கி முந்தி முடியும். ஈசிஜி கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பரை எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வால்வின் பரப்பளவு விஷயத்தில் பென்சில் தனியாகக் காப்பாற்றாது. அதற்கு வால்வுக்குக் கீழே உள்ள வெளியேறு பாதையின் விட்டத்தைப் படத்தில் அளக்க வேண்டும், அந்த விட்டமும் வர்க்கமாகும். ஒரே ஆளுக்கு 2.0 செ.மீ. என்று அளந்தால் பரப்பு 1.1 சதுர செ.மீ., 1.8 என்று அளந்தால் 0.9. சிவியருக்கான எல்லை 1.0. இரண்டு மில்லிமீட்டர் கை நடுக்கத்தில் ஆள் கட்சி மாறிவிடுகிறார்! அதனால் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து, விட்டம் மாறியிருந்தால் மறுபடி அளக்கிறேன். வளர்ந்தவர்களுக்கு அந்த விட்டம் வருஷா வருஷம் மாறாது.

பம்பிங் குறைந்த இதயத்தில் பென்சிலும் கைவிரிக்கும். தள்ள பலமில்லாதபோது வால்வு எவ்வளவு சுருங்கியிருந்தாலும் வேகம் ஏறாது. அப்போது இதயத்தைப் பலமாகச் சுருங்க வைக்கும் டோபுடமைன் மருந்து கொடுத்துப் பார்ப்பதோ, சிடி-யில் வால்வின் கால்சியம் ஸ்கோர் எடுப்பதோ டாக்டர் முடிவு. ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 தாண்டினால் சிவியராக இருக்க வாய்ப்பு அதிகம். டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) போட்டவர்களிடம் நிலைமை தலைகீழ், ரத்த ஓட்டமே அதிகம் என்பதால் வேகமும் ஏறி நிற்கும். பி.பி. பார்க்காமல் ஸ்கேன் தொடங்குவதையும் விட்டுவிட்டேன். பிரஷர் எகிறிக் கிடக்கும்போது எடுத்த நம்பரை நம்ப முடியாது.

ப்ரோப் உழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் கனெக்டர் பக்கம் வயர் பிரிந்து, டேப் சுற்றி ஓட்டுகிறோம். போன மாதம் புது மிஷினுக்குக் கொட்டேஷன் வந்தது. அதில் பென்சில் ப்ரோப் தனி விலை. இதை யார் தொடப்போகிறார்கள் என்று பர்ச்சேஸில் அந்த வரியை அடித்திருந்தார்கள். இந்த வருஷம் வலது பக்கத்தில் மட்டுமே 4-ஐத் தாண்டியவர்களின் பட்டியலை ரிஜிஸ்டரிலிருந்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.