டம்ளர் ஒன்றாகத் தெரியுமா? தைராய்டு கண்ணுக்கான வழிகள், ஒரு நோயாளியின் கணக்கு

டபராவில் ஆற்றிய காபியை டம்ளரில் ஊற்றினேன். காபி மேஜைமேல் ஓடியது. எதிரே இரண்டு டம்ளர் தெரிந்தன. நான் ஊற்றியது இல்லாத டம்ளரில். அன்றுவரை கண் பிதுங்கியிருப்பதுதான் என் வியாதி என்று நினைத்திருந்தேன். "ஏன் இப்படி முறைக்கிறீங்க?" என்று மனைவி கேட்பார். ஆபீசுக்குப் புதிதாக வந்த பையன் வவுச்சரை நீட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பான். டாக்டரும் பிதுக்கத்தைத்தான் அளந்து எழுதினார். ஹெர்ட்டல் என்ற கருவியைக் கண்ணோரத்து எலும்புகளில் முட்டுக் கொடுத்து வைத்து, வலது 24 மில்லிமீட்டர், இடது 22.

காபி கொட்டிய பிறகு என் கணக்கு மாறிவிட்டது. யார் எந்த வைத்தியத்தைச் சொன்னாலும், அதற்கப்புறம் டம்ளர் ஒன்றாகத் தெரியுமா என்றுதான் கேட்பேன். மூன்று வருடத்தில் மருந்து, கண்குழி ஆபரேஷன், மாறுகண் ஆபரேஷன், இமை ஆபரேஷன் என்று நாலு வாசலும் ஏறி இறங்கியாயிற்று. ஒவ்வொரு வாசலிலும் இதா, அதா என்று நிறுத்தினார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இது. நான் டாக்டர் இல்லை, திருச்சியில் கணக்கெழுதுகிறவன். முடிவு உங்கள் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியது.

சூடா, ஆறியதா?

தைராய்டு மாத்திரை சாப்பிட்டால் கண்ணும் தானாக அடங்கிவிடும் என்று நானும் நம்பினேன். அப்படி இல்லை. கழுத்துச் சுரப்பியைச் சீண்டுகிற அதே எதிர்ப்பணுக்கள், கண்குழிக்குள் இருக்கும் கொழுப்பையும் கண்ணை அசைக்கும் தசைகளையும் வீங்க வைக்கின்றன. கண்குழி ஓர் எலும்புப் பெட்டி. பின்னால் போக இடமில்லாததால் கண் முன்னால் வருகிறது. ரத்தத்தில் தைராய்டு அளவு சரியான பிறகும் கண் தன் போக்கில் போகலாம். ஆனால் அளவு ஏறினாலும் இறங்கினாலும் கண் இன்னும் கெடும் என்பதால் மாத்திரையை விடவும் முடியாது.

ரண்டில் என்ற மருத்துவர் 1945இல் இந்த நோயின் போக்கை ஒரு கோடாக வரைந்தார். வேகமாக ஏறும், உச்சியில் நிற்கும், கொஞ்சம் இறங்கும், பிறகு அப்படியே உறைந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஆட்டம் ஒன்றரை, இரண்டு வருடம். நோய் ஏறி, சூடாக இருக்கும்போது மருந்து பிடிக்கும். கத்தி காத்திருக்க வேண்டும். ஆறிய பிறகு தசை தழும்பேறி இறுகிவிடும், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டைக் குடம் குடமாக ஏற்றினாலும் அசையாது. வலி, சிவப்பு, இமை வீக்கம் என்று ஏழு அறிகுறிக்கு ஏழு மார்க் போடுவார்கள். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நோய் சூடு. எனக்கு முதல் தடவை ஐந்து.

காத்திருக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. வீங்கிய தசைகள் பின்னால் கண் நரம்பை நெரித்தால் நிறம் மங்கும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஒரு சிவப்பு மூடியைப் பாருங்கள், பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு வெளுத்துத் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே உடனே அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். இரண்டு வாரத்துக்குள் பார்வை தேறாவிட்டால், சூடு தணியட்டும் என்று பார்க்காமல் ஆபரேஷன்.

டிரிப்ஸ், மாத்திரை, கதிர், புது மருந்து

ஸ்டீராய்டை மாத்திரையாகவும் கொடுக்கலாம், டிரிப்ஸாகவும் ஏற்றலாம். மாத்திரை மலிவு, வீட்டிலிருந்தே விழுங்கலாம். முகம் ஊதும், தூக்கம் போகும், மாதக்கணக்கில் இழுக்கும். ஜெர்மனியில் 70 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2005இல் வெளிவந்த ஆய்வில், டிரிப்ஸ் போட்டவர்களில் 77 சதவீதம் பேருக்குப் பலன், மாத்திரை சாப்பிட்டவர்களில் 51 சதவீதம். வழக்கமான டிரிப்ஸ் கணக்கு இது: வாரம் ஒருமுறை, ஆறு வாரம் அரை கிராம், அடுத்த ஆறு வாரம் கால் கிராம், மொத்தம் நாலரை கிராம். எட்டு கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து என்பதால் அங்கே கோடு போட்டிருக்கிறார்கள். நான் பன்னிரண்டு சனிக்கிழமை போனேன். சிவப்பும் வலியும் நாலாவது வாரத்திலேயே அடங்கின. பிதுக்கம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. டம்ளர் இரண்டாகவே நின்றது.

கதிர் சிகிச்சை பத்து நாள், மொத்தம் 20 கிரே (கதிரை அளக்கும் அலகு). அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி பார்பரா புஷ் 1990இல் கண்ணுக்கு எடுத்துக்கொண்டது இதைத்தான். பிதுக்கத்துக்கு இது பெரிதாக உதவாது. கண் அசைவுக்கு, ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால், ஓரளவு உதவும். என் கணக்கில் இது கவனிக்க வேண்டிய வழிதான். ஆனால் சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்குக் கூடாது, இளவயதினருக்கும் தயங்குவார்கள்.

புது மருந்து டெப்ரோட்டுமுமாப். அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதி பெற்றது. மூன்று வாரத்துக்கு ஒன்று என எட்டு முறை ஏற்ற வேண்டும். 83 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களில் 83 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் 2 மில்லிமீட்டராவது குறைந்தது, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த போலி மருந்தில் 10 சதவீதம். எல்லோரும் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். நான் தேடியது அடுத்த வரியை: இரட்டைப் பார்வையில் ஒரு படியாவது முன்னேறியவர்கள் 68 சதவீதம், போலி மருந்தில் 29. ஸ்டீராய்டு இந்தப் பக்கத்தில் இவ்வளவு தூரம் வராது. சரி, விலை? அறிமுகமானபோது ஒரு குப்பி 14,900 டாலர், முழு சுற்றுக்கு 3 லட்சம் டாலரைத் தாண்டும். காது இரைச்சல், கேட்கும் திறன் குறைவது போன்றவையும் உண்டு, சிலருக்கு அது திரும்புவதில்லை. நிறுத்திய பிறகு கண் மறுபடி வீங்குபவர்களும் இருக்கிறார்கள். பணம் இருந்தால் எடுப்பேனா என்று யோசித்திருக்கிறேன். எடுப்பேன், காதுப் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த மூன்று கதவுமே உரசும். ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றும், புது மருந்தும் ஏற்றும், கதிர் விழித்திரையைத் தொடும். நம் ஊரில் நாற்பது தாண்டிய யாருக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

காசே செலவில்லாத வைத்தியம் சிகரெட்டை விடுவது. அது நோயை வளர்ப்பதோடு ஸ்டீராய்டையும் கதிரையும் மழுங்கடிக்கிறது. நான் மூன்றாவது டிரிப்ஸ் வரைக்கும் ஒளித்து ஒளித்துப் பிடித்தேன். அந்த மூன்று சனிக்கிழமை வீண் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எந்தச் சுவரை எடுப்பது?

நோய் ஆறி ஆறு மாதம் ஒரே நிலையில் நின்ற பிறகு ஆபரேஷன் பேச்சு. வரிசை மாறக்கூடாது: முதலில் கண்குழி, அப்புறம் மாறுகண், கடைசியில் இமை. முன்னது பின்னதைக் கலைக்கும். இமையை முதலில் சரிசெய்துவிட்டுக் கண்ணை உள்ளே தள்ளினால் இமைக்குப் போட்ட கணக்கு வீண்.

கண்குழியைத் தளர்த்த இரண்டு வழி: கொழுப்பை எடுப்பது, எலும்புச் சுவரை எடுப்பது. கொழுப்பு மட்டும் என்றால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். வீக்கம் கொழுப்பில் இருப்பவர்களுக்கு அது போதும். என்னைப்போல் தசை தடித்தவர்களுக்குப் போதாது. எலும்பில் எந்தச் சுவர் என்பதில்தான் வம்பு. மூக்குப் பக்கச் சுவர் காகிதம் போல மெலிசு, அதை எடுத்தால் சதை பக்கத்துச் சைனஸ் அறைக்குள் இறங்கும், கண் நரம்புக்கு நல்ல இடம் கிடைக்கும். ஆனால் உள்பக்கத் தசையும் கூடவே சரியும்; இரட்டைப் பார்வை இல்லாதவருக்குப் புதிதாக வரலாம். காதுப் பக்கத்து வெளிச்சுவர் தடிமன், உள்ளே ஆழமாகக் குடைய வேண்டும். இதில் இரட்டைப் பார்வை ஆபத்து குறைவு. சிலருக்கு மென்று தின்னும்போது காட்சி லேசாக ஆடும். அடிச்சுவரை எடுத்தால் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகலாம்.

முதல்முறை என்னைப் பார்த்த டாக்டர் மில்லிமீட்டரை மட்டும் சொல்லி மூன்று சுவரையும் எடுக்கலாம் என்றார். இரட்டைப் பார்வை என்னாகும் என்று கேட்டதற்கு, "அது அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றார். வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்டேன். அங்கே இருந்தவர் ஒரு தாளில் கண்குழியை வரைந்து, உங்களுக்கு ஏற்கெனவே இரண்டாகத் தெரிகிறது, எப்படியும் மாறுகண் ஆபரேஷன் வேண்டியிருக்கும், அதனால் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் சமமாக எடுக்கலாம், அடிச்சுவரை விட்டுவிடலாம் என்றார். அதுதான் நடந்தது. நாலரை மில்லிமீட்டர் உள்ளே போனது.

டம்ளர் ஒன்றாகத் தெரிகிறவர், அழகுக்காக மட்டும் போகிறவர் என்றால் என் யோசனை வேறு. கொழுப்போ வெளிச்சுவரோ மட்டும் எடுத்தால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள், கண் உள்ளே போவது இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது. சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே இப்போது சுவர் இல்லை, காற்று கண்ணுக்குப் பின்னால் ஏறிவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு என்றார்கள். வீட்டில் தாளிக்கும் நேரமெல்லாம் நான் மொட்டை மாடியில் இருந்தேன். தலையணை மூன்று, படுப்பது பாதி உட்கார்ந்தபடி. கருநீலம் இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்தது. வீக்கம் முழுக்க வடிய மூன்று மாதம் ஆனது.

இரவுப் பாடு தனி. இமை முழுக்க மூடாது, மேலே சீலிங் ஃபேன். விடிகாலையில் கண்ணில் மண் கொட்டியது போல இருக்கும். பகலில் சொட்டு மருந்து, ராத்திரியில் களிம்பு என்பது எல்லோரும் சொல்வது. சொட்டு மருந்து ராத்திரியில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. களிம்பு பகலில் கணக்கு நோட்டைப் புகையாக்கிவிடும். எனக்கு நிஜமாக உதவியது கட்டிலை ஃபேனுக்கு அடியிலிருந்து நகர்த்தியதும், களிம்பு போட்டு மேலே மைக்ரோபோர் டேப்பால் இமையை ஒட்டியதும்.

ப்ரிசமா, தையலா?

காத்திருக்கும் மாதங்களில் ஒரு கண்ணை மறைப்பதுதான் சுலபம். கறுப்புத் திரை கட்டினால் ஊரே கேட்கும். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டினால் யாருக்கும் தெரியாது. எப்படி மறைத்தாலும் தூரம் பிடிபடாது. நான் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். காட்சியை நகர்த்தி இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் ஃப்ரெனெல் ப்ரிசம் என்ற கோடு போட்ட பிளாஸ்டிக் தாளும் உண்டு. கண்ணாடியில் ஒட்டலாம், கோணம் மாறினால் பிடுங்கி வேறு ஒட்டலாம். நேராகப் பார்க்கையில் டம்ளர் ஒன்றானது. எழுத்து மட்டும் கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. சின்னக் கோணல் என்றால் ப்ரிசத்தைக் கண்ணாடிக்குள்ளேயே அரைத்து வாங்கி ஆயுளுக்கும் ஓட்டலாம், கத்தியே வேண்டாம். என்னுடையது பெரிய கோணல். வலது கண்ணின் கீழ்த்தசை இறுகிக் கண்ணைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. அதைச் சமாளிக்க மோவாயைத் தூக்கியே நடந்தேன். திமிர் பிடித்தவன் என்று தெருவில் பெயர்.

மாறுகண் ஆபரேஷனில் இறுகிய தசையைப் பின்னால் தள்ளித் தைப்பார்கள். தையல் நிரந்தரமாகவும் இருக்கலாம், முடிச்சைத் தளர்த்தி இறுக்கும்படியும் இருக்கலாம். இரண்டாவதில் மயக்கம் தெளிந்த பிறகு உட்கார வைத்து, விளக்கைப் பார்க்கச் சொல்லி, "ஒண்ணா தெரியுதா?" என்று கேட்டுக்கேட்டு நூலை இழுப்பார்கள். மரப்பு மருந்து விட்ட கண்தான், ஆனாலும் உள்ளே யாரோ கயிறு இழுப்பது தெரிந்தது. அப்படியும் எனக்கு இதுதான் பிடித்திருந்தது. கீழ்த்தசையில் ஒரு பயம் உண்டு. ஆறும்போது தசை பின்னால் நழுவினால் கோணல் எதிர்ப்பக்கம் திரும்பும், கீழே பார்க்கும்போது இரண்டாகத் தெரியும். அது படிக்கிற, படி இறங்குகிற பார்வை. அதனாலேயே சிலர் நிரந்தரத் தையல் பாதுகாப்பு என்பார்கள். நோட்டும் படிக்கட்டும் எனக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். டாக்டர் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்தே தள்ளினார்.

எல்லாத் திசையிலும் ஒன்றாகத் தெரியும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை, கொடுத்தால் நம்பவும் வேண்டாம். எனக்கு நேர்ப்பார்வையும் படிக்கும் பார்வையும் கிடைத்தன. மலைக்கோட்டைப் படிகளைக் கைப்பிடி இல்லாமல் இறங்குகிறேன். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் இன்னும் இரண்டு கோபுரம்.

இமை

இது எளிது. மேலிமையை இறக்க ஊசி போட்டுத் தற்காலிகமாகச் செய்யலாம், ஆபரேஷனாகவும் செய்யலாம். மரப்பூசி போட்டுச் செய்தால் நடுவில் மேஜையிலேயே உட்கார வைத்து இரண்டு இமையும் ஒரே உயரமா என்று பார்க்க முடியும். முழு மயக்கத்தில் அது முடியாது. மரப்பூசிக்கே போங்கள். ஒரு மணி நேர வேலை, அன்று மாலையே வீடு. பத்து நாள் கழித்து ஆபீஸ் போனபோது அந்தப் பையன் வவுச்சரை நீட்டிவிட்டு அங்கேயே நின்றான்.

கண்ணுக்கடியில் பை இன்னும் தொங்குகிறது. அதையும் எடுத்துவிடலாம், சின்ன வேலைதான் என்கிறார் டாக்டர். டம்ளருக்கும் அந்தப் பைக்கும் சம்பந்தமில்லை. இன்னொரு தடவை அந்த மேஜையில் ஏற எனக்கு மனசில்லை.