பல்லு அரிச்சுப் போனவங்க வெனீர் (பல்லு மேல ஒட்டுற மெலிசான தகடு) ஒட்டுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

மதுரைல எங்க அக்காவுக்கு நடந்தது இது. கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் குடுத்திருக்கோம், அதனால கிளினிக் பேரு போடல.

அக்காவுக்கு பல வருஷமா நெஞ்செரிச்சல், ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் எதுக்களிச்சு வரும், அந்த ஆசிட் பட்டுப் பட்டு மேல் முன்பல்லோட உள்பக்கம் அரிச்சு, நுனியெல்லாம் மெலிசாயி உடைய ஆரம்பிச்சிருச்சு. கிளினிக்ல "சீவவே வேண்டாம் மேடம், மெலிசா வெனீர் ஒட்டிரலாம்"னு சொல்லி அட்வான்ஸ் வாங்குனாங்க. சேர்ல படுக்க வச்சப்புறம் ஒரு வார்த்தை கேக்காம நல்லாருந்த வெளிப்பக்கத்த சீவிட்டாங்க. அரிப்பு உள்பக்கம், ஒட்டுனது வெளிப்பக்கம்! பல்லோட கெட்டியான மேல் படலமான எனாமல் மேல தான் ஒட்டு நல்லா பிடிக்கும், உள்ள இருக்க டென்டின்ல அந்தப் பிடி கெடைக்காது, மிச்சமிருந்த எனாமலையும் சீவிட்டு, எச்சில் படாம ரப்பர் ஷீட் கூட மாட்டாம ஒட்டிருக்காங்க.

அதவிடக் கொடுமை, கடிய, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி முட்டுதுன்னு பாக்கவே இல்ல. பல்லு தேயத் தேய எதிர்ப்பல்லு நகந்து வந்து அந்த எடத்த அடைச்சுக்கும். கடைவாய்ப் பல்லுல காம்போசிட் (பல்லு கலர்ல அடைக்கிற பசை) வச்சு கடிய ஏத்துனா முன்னாடி எடம் கெடைக்கும், பெருசா சீவாமயே உள்பக்கம் ஒட்டலாம், ஜெனீவால வைலாட்டி, பெல்சர்னு ரெண்டு டாக்டருங்க 2008லயே இத படிப்படியா எழுதி வச்சிருக்காங்க. இங்க அதெல்லாம் யோசிக்கவே இல்ல, கீழ்ப்பல்லு இடிச்சு இடிச்சு ஒட்டுன வெனீர் ஒவ்வொண்ணா கழண்டு வந்துச்சு, ஒவ்வொரு தடவ திரும்ப ஒட்டவும் தனியா காசு.

கடைசில "எல்லாத்துக்கும் ரூட் கெனால் பண்ணி கேப் (பல்ல முழுசா மூடுற உறை) போட்ரலாம்"னாங்க. முன்பல்லுக்கு முழு கேப் போட சீவுனா வெளிய தெரியற பல்லுல 63லருந்து 72 சதவீதம் வரைக்கும் போயிரும்னு 2002ல ஆய்வே வந்திருக்கு. ஏற்கனவே அரிச்ச பல்லுல என்னங்க மிஞ்சும்? நாங்க எந்திரிச்சு வந்துட்டோம்.

அப்புறம் பாத்த ப்ராஸ்தோடான்டிஸ்ட் (கேப், செயற்கைப் பல்லு வைக்கிற ஸ்பெஷலிஸ்ட்) வாயத் தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே "வயித்துக்கு யார்ட்ட காட்டுறீங்க"ன்னு தான் கேட்டாரு. அந்த ஆசிட்ட நிறுத்தாம என்ன ஒட்டுனாலும் ஓரத்துல மறுபடி அரிக்கும். முதல் கிளினிக்ல இத ஒருத்தர்கூட கேக்கல, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

பல்லுல கை வைக்க விடுறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே, போட்டோ, எந்தப் பல்லுல எவ்ளோ சீவப் போறாங்கங்கிற பிளான் எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக்கோங்க. ஏற்கனவே மாட்டுனவங்க தேசிய கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க, கன்ஸ்யூமர் கோர்ட்ல புகார் குடுக்க 2 வருஷம் தான் டைம், திரும்ப ஒட்டித் தர்றோம்னு அவங்க இழுத்தடிக்கறதுலயே அது ஓடிரும்.