1968 பான்டியாக் ஜிடிஓ: என் என்ஜினை ரீபோர் செய்து தந்த பட்டறை

மிச்சிகனில், பான்டியாக் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது நான் சொல்லப்போகும் என்ஜின் பட்டறை. பெயரை எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அதன் உரிமையாளரே. கையில் இருக்கும் வேலையை முடிக்கவே அடுத்த கோடை வந்துவிடும், புதிதாக யாரும் வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்கிறார். ஆனாலும், பணி ஓய்வுக்குப் பிறகு பழைய மஸில் கார் (பெரிய என்ஜின் வைத்த வேகக் கார்) ஒன்றை வாங்கிச் சீர்செய்ய இறங்கும் நம்மவர்கள் எப்படிப்பட்ட பட்டறையைத் தேட வேண்டும் என்பதற்கு என் அனுபவம் உதவலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கார் உதிரிபாகத் தொழிலில் இருந்தும், நான் பார்த்ததெல்லாம் சஸ்பென்ஷன் வரைபடங்களைத்தான், என்ஜினுக்குள் கைவிட்டதில்லை. ஓய்வு பெற்ற ஆண்டில் ஒரு 1968 ஜிடிஓவை வாங்கினேன். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்த காலத்தில், அதன் பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அந்த விதியின் சந்துக்குள் புகுந்து, 389 கன அங்குல என்ஜினை டெம்பெஸ்ட் வரிசையில் ஒரு கூடுதல் வசதியாக 1964இல் விற்றார்கள்; ஜிடிஓ அப்படிப் பிறந்த வண்டி. 1968இல் அதற்குப் புது உடலும், இடித்தால் நசுங்காமல் பழைய வடிவத்துக்கே மீளும் எண்டுரா முன்பம்பரும் வந்தன; 400 கன அங்குல என்ஜின் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. வண்டி எண் 242 என்று தொடங்குவதைப் பார்த்து, இது அதே வரிசையைச் சேர்ந்த சாதாரண லெமான்ஸ் காருக்கு ஜிடிஓ வேடம் போட்டது அல்ல என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுத்தேன்.

பட்டறைக்காரரிடம் எனக்கு முதலில் பிடித்தது, அளந்து முடிக்கும்வரை அவர் விலையே சொல்லவில்லை என்பதுதான். சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடலான பிளாக்கைக் கழுவி, காந்தத் துகள் தூவி விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, எட்டு சிலிண்டர்களையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளந்து தாளில் எழுதிய பின் என்னை வரச்சொன்னார். ஏழாவது சிலிண்டருக்குள், உள்விட்டம் அளக்கும் போர் கேஜை என் கையாலேயே இறக்கச் சொன்னார். மேலிருந்து கீழே போகப் போக முள் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, தேய்ந்த சிலிண்டர்களை 0.030 அங்குலம் ரீபோர் செய்தே, அதாவது குடைந்து அகலப்படுத்தியே, ஆக வேண்டும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 4.12 அங்குல விட்டம் 4.15 ஆனதில், 400 கன அங்குலம் ஏறக்குறைய 406 ஆகியிருக்கிறது.

ஆயில் சம்ப்பைக் கழற்றியபோது அடியில் கறுத்த அரிசிமணிகள் போல ஏதோ கிடந்தன. அவை, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுழற்றும் சக்கரத்தின் நைலான் பற்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று அலுமினியச் சக்கரத்தின் மேல் நைலான் பற்களை வார்ப்பது அக்கால வழக்கம். வயதானால் அவை உடைந்து விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். என் வண்டியின் வலை பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. அந்த நிலையில் நான் அதை இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. முழுதும் இரும்பாலான சக்கரமும் புதுச் செயினும் போட்டார்.

செய்ய மறுத்த வேலைகளை வைத்தும் ஒரு பட்டறையை எடைபோடலாம். ஈயம் கலக்காத பெட்ரோலில் தேயாமல் இருக்க, வால்வுகள் உட்காரும் இடத்தில் கடினமான வால்வு சீட்டுகள் பொருத்தச் சொன்னேன். ஆண்டுக்கு ஆயிரம் மைல் ஓடும் வண்டிக்கு அது வீண் செலவு, சிலிண்டர்களை மூடும் ஹெட்டைக் குடையும்போது தண்ணீர்ப் பாதையில் ஓட்டை விழுந்தால் ஹெட்டே போய்விடும் என்று மறுத்துவிட்டார். மாறாக, நான் கேட்காத ஒன்றைச் செய்தார்: 10.75 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு), நடுவில் குழிந்த பிஸ்டன்களைப் போட்டு 9.5 அளவுக்கு இறக்கினார். இன்று பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேனுக்கு அதுதான் பொருந்தும் என்றார். மேடேறும்போது முன்பு கேட்ட கடகட சத்தம் இப்போது இல்லை.

குறைகளும் உண்டு. பத்து வாரம் என்றார். ஏழு மாதம் ஆனது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புக்கு வண்டியில் போக வேண்டும் என்ற ஆசை அந்த ஆண்டு மண்ணாகி, மனைவியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். தொலைபேசியை அவர் எடுப்பதே இல்லை. நேரில் போய் நின்றால்தான் பதில். 4,200 டாலர் என்று தொடங்கிய கணக்கு 5,600இல் முடிந்தது, கூடிய ஒவ்வொரு தொகைக்கும் காரணம் எழுதியிருந்தார் என்றாலும். ஆல்டர்னேட்டர் தாங்கி ஒன்று தொலைந்துபோனதற்கு மட்டும் எந்தத் தாளிலும் விளக்கம் இல்லை. கழற்றும்போதே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்ததால் அது எந்தத் தாங்கி என்றாவது என்னால் காட்ட முடிந்தது.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் என்ஜினை ஸ்டாண்டில் வைத்தே ஓட்டிக் காட்டினார். பழைய வகை கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவதற்காக, துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயிலை ஊற்றி, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட வேண்டும். முதல் பத்து நிமிடம் அவர் வாய் திறக்கவில்லை. ஆயில் அழுத்த முள்ளை விட்டுக் கண்ணும் எடுக்கவில்லை.

இதுவரை 900 மைல் ஓட்டியிருக்கிறேன். இந்த என்ஜின்களில் கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல் கயிற்றால் ஆனது, ஒழுகுவதற்குப் பேர்போனது. அதற்குப் பதிலாகப் புதுவகை ரப்பர் சீல்தான் போட்டிருக்கிறார். அப்படியும் வாரம் ஒருமுறை கராஜ் அட்டையில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு ஆயில் பொட்டு விழுகிறது. கியர்பாக்ஸ் வேலையையும் அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஏப்ரலுக்குப் பிறகு கொண்டுவா, அந்தப் பொட்டையும் அப்போதே பார்த்துவிடலாம் என்று சுவர்க் காலண்டரில் எழுதிக்கொண்டார்.