மண்புழுவா, பெரணியா? பழைய லயத்து மண்ணில் கத்திரி போடுமுன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் பழைய லயத்துக்குப் பின்னால் மண்வெட்டியைப் போட்டால் கொழுத்த புழுக்கள் நெளியும். "புழு இருக்கா? அப்ப மண்ணு சுத்தம்டா" என்பார் பெரியப்பா. பால்மரக் காலத்தில் மருந்தடித்தவர் அவர். அன்றைய மருந்து சோடியம் ஆர்செனைட் என்ற ஆர்செனிக் நஞ்சு. லாலாங் என்ற களைப்புல்லை ஒழிக்கவும், மறுநடவுக்காகக் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாகடிக்கவும் மலாயா தோட்டங்களில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். 1960களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்து அதை ஓரங்கட்டியது. (பாராகுவாட்டுக்கும் 2020இல் தடை வந்துவிட்டது, அது வேறு கதை.) ஆர்செனிக் ஒரு தனிமம், மட்கி மறையாது. அதனால் பழைய தோட்ட மண் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

இந்த மண்ணைச் சரிசெய்ய மண்புழுவை விடலாம் என்கிறார் ஒருவர், பெரணி நடலாம் என்கிறார் இன்னொருவர்.

முதலில் புழு. ஆர்செனிக் அதன் தோல் வழியாகவும், அது விழுங்கும் மண் வழியாகவும் உள்ளே போகிறது. மண்ணில் ஆர்செனிக் பெரும்பாலும் இருக்கும் வடிவமான ஆர்செனேட், உயிர்களுக்குத் தேவையான பாஸ்பேட் சத்து மாதிரியே இருப்பதால், செல்கள் பாஸ்பேட்டுக்குத் திறந்து வைத்த வாசலிலேயே நுழைந்துவிடும். உள்ளே போனதும் அது ஆர்செனைட் என்ற இன்னொரு வடிவமாக மாறுகிறது. அதுதான் இன்னும் கொடியது! ஆனால் ஆர்செனைட் கந்தகத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். கந்தகம் நிறைந்த சின்னப் புரதங்கள் அதைப் பிடித்து, குடலைச் சுற்றியுள்ள மஞ்சள் திசுவில் பூட்டி வைக்கின்றன. கொஞ்சம் ஆர்செனோபீட்டைனாகவும் மாறும். இறாலிலும் நண்டிலும் இருக்கிற, அநேகமாக நஞ்சில்லாத வடிவம் அது.

இங்கிலாந்தில் டெவன் கிரேட் கான்சல்ஸ் என்ற பழைய ஆர்செனிக் சுரங்கத்தில், மற்ற இடத்துப் புழுக்களைக் கொன்றுவிடும் மண்ணிலேயே லும்பிரிகஸ் ருபெல்லஸ் என்ற புழு குடும்பம் நடத்துகிறது. பெரியப்பாவின் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. புழு இருந்தால் மண்ணில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், நஞ்சு இல்லை என்று அர்த்தமில்லை.

சுத்தம் செய்யுமா என்றால், செய்யாது. புழு செத்தால் அது சேர்த்தது அதே மண்ணுக்குத் திரும்பும். அதன் எச்சத்தில், மண்ணோடு ஒட்டிக் கிடந்த ஆர்செனிக் சில சமயம் இளகி நீரில் கரையவும் கூடும். கொல்லைக் கோழிகள் அந்தப் புழுவைக் கொத்தித் தின்பதையும் மறக்கக்கூடாது.

பெரணி என்றால் எதையாவது நடுவதல்ல, டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்புப் பாறையிலும் பழைய சுவர் வெடிப்பிலும் தானாகவே முளைக்கும், இலை ஏணிப்படி மாதிரி இருக்கும். இதுவும் பாஸ்பேட் வாசலில்தான் வாங்குகிறது, இதுவும் ஆர்செனைட்டாக்கித்தான் சேர்க்கிறது. ஆனால் சேர்ப்பது தலைக்கு மேலே, இலையில்! காய்ந்த இலையின் எடையில் 2 சதவீதத்துக்கும் மேல் ஆர்செனிக் ஏறலாம் என்று 2001இல் ஃபுளோரிடாவில் கண்டறிந்தார்கள். வெட்டி அப்புறப்படுத்தலாம், புழுவிடம் நடக்காத காரியம் அது. ஆனால் வருடக்கணக்கில் ஆகும். வெட்டிய இலையை நம் வழக்கப்படி கொளுத்தினால் நஞ்சு புகையாகிவிடும், உரக்குழியில் போட்டால் சுற்றி வந்து தட்டில் விழும். மலாய்க்காரர் சந்தையில் விற்கும் பெரணிக் கீரை வேறு சாதி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் ஓட்டு பெரணிக்கு, அதுவும் வேலியோரத்துக்கு மட்டும். கத்திரியும் வெண்டியும் வெளியிலிருந்து வாங்கிய மண்ணில், பெட்டியில். புழு உரத்தொட்டியில் இருக்கட்டும். ஆய்வகத்தில் மண்ணைச் சோதிக்கும்வரை அந்தப் பாத்தியில் பாஸ்பேட் உரத்தையும் அள்ளிப் போடாதீர்கள். அது ஆர்செனிக்கை மண்ணின் பிடியிலிருந்து தள்ளிவிடும்.

இதையெல்லாம் சொன்னபோது பெரியப்பா தகர டப்பாவில் புழு சேர்த்துக்கொண்டிருந்தார். "தூண்டிலுக்கு ஆகும்ல?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அந்த மீனையும் நாமதானே திங்கணும்" என்று டப்பாவைக் கவிழ்த்தார்.